அக்கரை மண்டபத்தில் பேசியது யார்?

இந்த ஊரின் வாய்களை எல்லாம் திறந்து பார்த்துவிட்டு, இன்று என் வாயைத் திறக்கச் சொல்லித் தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் பல் மருத்துவர் ஐயா அவர்களே, படிப்பகத்தைப் பாதுகாத்துவரும் பண்பாளர்களே, முன்வரிசையை முழுமையாக நிறைத்திருக்கும் மூத்தோர்களே, வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்தீர்களோ, வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு வந்தீர்களோ, எப்படியோ வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, இருக்கை கிடைக்காமல் வாசலை அடைத்து நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் பேருந்து நடத்துநரின் நெஞ்சார்ந்த வணக்கம். நிற்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். என் வண்டியில் உட்கார்ந்து வந்தவர்களைவிட நின்று வந்தவர்களே அதிகம். நின்றவர்களும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'நாட்டெல்லை கடந்த பொதுவெளி: ஓர் அரசியல் சிந்தனை'. அழைப்பிதழை வீட்டில் காட்டினேன். என் மனைவி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இதச் சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடணுமா, பின்னாடியா?" என்று கேட்டாள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்பர்களே, இந்தத் தலைப்பை நான் புத்தகத்தில் படித்தவன் அல்லன். கண்ணால் கண்டவன். காதால் கேட்டவன். அதைவிடப் பெரிய வியப்பு, என் வாயாலேயே அதைப் பேசியவன். எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். மாலைகள் விழுந்திருக்கின்றன, சில இடங்களில் மைக்கும் விழுந்திருக்கிறது. ஆனால் என் வாழ்நாளில் நான் பேசிய மாபெரும் பேச்சில் ஒரு சொல்கூட என் சொல் இல்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பொதுவெளி என்றால் என்ன? பேருந்து நிறுத்தத்தில் இருவர் விலைவாசியைப் பற்றிப் புலம்புகிறார்களே, அது பொதுவெளியின் விதை. முடிதிருத்தகத்தில் செய்தித்தாளை விரித்து நால்வர் வாதிடுகிறார்களே, அது முளை. அந்தப் புலம்பல் கூட்டமாகி, கூட்டம் குரலாகி, குரல் கோட்டையின் கதவைத் தட்டுகிறதே, அது மரம். சரி, வாய் இருந்தால் போதுமா? கேட்கக் காது வேண்டாமா? கேட்ட காதுக்குச் செய்யக் கை வேண்டாமா? வாயும் காதும் கையும் ஒரே நாட்டில் இருந்தால் கவலையில்லை. வாய் ஒரு நாட்டில், காது ஒரு நாட்டில், கை மூன்றாவது நாட்டில் என்றால், அப்போது யாரிடம் போய் யார் முறையிடுவது?

உங்கள் ஊரிலிருந்து புறப்படும் என் வண்டி எங்கள் ஊர் வழியாகப் பாலம் ஏறி அக்கரை போகிறது. நமக்கும் அக்கரைக்கும் நடுவில் ஓடுவது ஆறு. ஆற்றுக்கு நடுவில் ஓடுவது கோடு. ஆற்றை எல்லோரும் பார்க்கலாம். கோட்டைப் பார்த்தவர் உண்டா? தினந்தோறும் அதைக் கடக்கிறேன். வண்டி ஒரு முறைகூடக் குலுங்கியதில்லை. இந்தப் பக்கம் ஒரு நாடு, ஒரு மொழி, ஒரு கொடி. அந்தப் பக்கம் வேறு நாடு, வேறு மொழி, வேறு கொடி. கொடிகள் இரண்டும் ஒரே காற்றில்தான் ஆடுகின்றன.

அந்தக் காற்றில்தான் வந்தது வினை.

அக்கரையில் ஒரு தொழிற்சாலை. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளிருக்கும் ஈயத்தை உலையில் உருக்கி வார்க்கிற தொழிற்சாலை. முதலாளி யார் என்றால் தூரத்தில் இன்னொரு நாட்டைக் காட்டுவார்கள். அவரைப் பார்த்தவர் எந்தக் கரையிலும் இல்லை. அதன் புகைபோக்கியிலிருந்து எழும் புகை, ஆற்றைத் தாண்டி எங்கள் ஊரின் மேல் இறங்கும். இறங்குகிற இடத்தில் முதல் கட்டடம் எது தெரியுமா? குழந்தைகள் காப்பகம்.

அதை நடத்துகிறவரை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். வயதில் பெரியவர்களும் அக்கா என்பார்கள். காலையில் வேலைக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு என் வண்டியில் ஏறுவார்கள். நீண்ட கூடம், சுவரோரம் சின்னச் சின்னப் பாய்கள், பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாக அடித்த ஆணிகளில் தொங்கும் துணிப்பைகள், ஆற்றைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். தையல்காரம்மாவின் மகள் ஒருத்தி அங்கே வளர்ந்தாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் அவளுக்குக் கிளி என்று பட்டப்பெயர். என் வண்டியைக் கண்டால் ஜன்னலிலிருந்து, "கண்டக்டர் மாமா, எனக்கு ஒரு டிக்கெட்" என்று கூவுவாள். "எங்க போகணும்?" என்பேன். "எங்க அம்மாகிட்ட" என்பாள்.

அந்தக் கிளி மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்தினாள். முதலில் பாட்டு போனது. பிறகு கதை போனது. பிறகு, தெரிந்த பொருளின் பெயரே நாவுக்கு வராமல் விரலை நீட்டத் தொடங்கினாள். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈயம் கலந்திருக்கிறது என்றார். மற்றப் பிள்ளைகளுக்கும் எடுத்தார்கள். கூடுதலாகவோ குறைவாகவோ, எல்லோருக்கும் இருந்தது.

அக்கா நகராட்சிக்குப் போனார். "தொழிற்சாலை நம்ம நாட்டுல இல்லையேம்மா" என்றார்கள். மாவட்ட அலுவலகம் போனார். "வெளியுறவு சம்பந்தப்பட்டது, மேல எழுதணும்" என்றார்கள். மேலே எழுதினார்கள். மேலே என்பது எவ்வளவு மேலே என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் அக்கரைச் சுவர்களில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தொழிற்சாலைக்கு இரண்டாவது உலையும் இரண்டாவது புகைபோக்கியும் வரப்போகின்றன. அதைப் பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம். நான்தான் அதைப் படித்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னேன். கடைசி வரியையும் சொன்னேன்: 'பேசும் உரிமை இந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்.'

பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்துகொண்டே கேட்டார். "நீங்க அந்த ஊர்ல பொறந்தவர்தானே?"

ஆமாம். என் அம்மா அக்கரைப் பெண். நான் பிறந்ததும் அங்கே. எனக்கு இரண்டு மொழியும் தாய்மொழி. அந்த நாட்டுக் குடியுரிமை அட்டையும் என் சட்டைப் பையில் உண்டு.

"அப்ப நீங்க பேர் கொடுங்க. நான் பேசுறேன்" என்றார்.

அவையோரே, அக்கரை மண்டபத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உயரமான கூரை, வரிசையாக இரும்பு நாற்காலிகள், மேடையில் நீள மேசை. நடுவில் ஓர் அதிகாரி, மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியை ஓயாமல் துடைப்பவர். ஒரு பக்கம் நிறுவனத்தின் ஆட்கள். எதிரே ஊர் மக்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த உலையை நம்பிச் சோறு உண்பவர்கள். வாசலில் அக்கா, அவர் பின்னால் கிளியின் அம்மா. உள்ளே வர அனுமதி உண்டு, உட்கார அனுமதி உண்டு. வாய் திறக்கத்தான் அனுமதி இல்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அக்காவும் எழுந்தார். இருவரும் மைக் முன்னால் போய் நின்றோம்.

அதிகாரி கேட்டார். "பேர் கொடுத்தது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப அந்தம்மா எதுக்கு நிக்கிறாங்க?"

"அவங்க சொல்றத நான் சொல்லப் போறேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணு சொல்லுங்க. இப்பப் பேசப்போறது யாரு? நீங்களா, அவங்களா?"

நான் என்றால் பொய். அவர் என்றால் சட்டமீறல். அக்கா என் சட்டைக்கையை இழுத்தார். "என்ன கேக்கிறாரு?" சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"புகை பட்டவங்க பேசுறாங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். அக்கரை மொழியில் சொன்னேன். அன்பர்களே, அரசியல் அறிஞர்கள் ஆயிரம் பக்கம் எழுதித் தேடும் விடையல்லவா அது? பொதுமக்கள் என்பவர் யார்? அட்டை வைத்திருப்பவரா? கோட்டுக்கு உள்ளே பிறந்தவரா? ஒரு செயலின் சுமை யார் தலையில் இறங்குகிறதோ அவரெல்லாம் பொதுமக்கள். எல்லாருக்கும் சேர்த்து நான்கே சொற்களில் முடித்துவிட்டார், கையில் சோற்றுப் பருக்கை காயாத ஒரு பெண்மணி.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காதுல விழுற குரல் உங்களோடது. விதிக்கு அது போதும். பேசுங்க."

பேசினேன். அக்கா சொல்லச் சொல்லப் பேசினேன். "எங்கிட்டப் பிள்ளைங்க இருக்கு" என்றார். "என்னிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றேன். "நான்தான் அதுங்களுக்குத் தலை சீவி விடுவேன், தூங்க வைப்பேன்" என்றார். மீசை வைத்த நான், "நான்தான் அவர்களுக்குத் தலை சீவிவிடுவேன், தூங்க வைப்பேன்" என்றேன். மண்டபத்தில் முதலில் சிரிப்பு எழுந்தது. "இப்ப ஜன்னல மூடி வச்சிருக்கோம்" என்றார். இங்கே என் மேடைப் புத்தி விழித்துக்கொண்டது. கதிரவன் கதவைத் தட்டியும் திறக்க இயலாத கொடுமையை, தென்றல் வந்து திரும்பிப் போகும் அவலத்தை, அடுக்கிக்கொண்டே போனேன். அக்கா மறுபடியும் சட்டைக்கையை இழுத்தார்.

"ஜன்னல மூடினோம்னுதானே சொன்னேன். நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?"

ஊர் உலகத்தையே 'எந்த ஊருக்குப் போறீங்க' என்று கேட்டவனை அவர் அப்படிக் கேட்டார். மண்டபத்தில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்களைப் போலவேதான். சிரித்து முடியட்டும். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதன்பிறகு ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவர் கிளியைப் பற்றிச் சொன்னார். பாட்டு போனதை, கதை போனதை, விரல் நீட்டுவதைச் சொன்னார். "ஒரு பொண்ணு தண்ணி வேணும்னு கேக்க வார்த்தை தேடி நிக்கிறப்போ, நான் டம்ளர நீட்டலாமா, இல்ல அவளே சொல்லட்டும்னு காத்திருக்கலாமான்னு எனக்குத் தெரியல." அதை நான் என் குரலில், ஒருமையில், சொன்னபோது மண்டபத்தில் சிரிப்பு இல்லை. இன்னொருவரின் நெஞ்சு என் தொண்டை வழியாக வெளியே வருகிறது. இரு நாடுகளின் நடுவே இருந்த தடுப்பு எங்கே? சுங்கச்சாவடி எங்கே? எல்லாம் என் நாக்கின் நுனியில் கரைந்துகொண்டிருந்தன.

அப்போது எழுந்தார் ஒருவர். அகன்ற தோள், புருவம் கருகிய முகம். உலையில் வேலை பார்ப்பவர். அதிகாரி அனுமதிக்குமுன்பே பேசத் தொடங்கினார்.

"எங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கு. ரெண்டாவது உலை வந்தாத்தான் என் மூத்தவனுக்கு வேலை. ஒண்ணு கேக்கிறேன். நாங்க உருக்கிறது யாரோட பேட்டரி? உங்க ஊர்லேர்ந்துதானே லாரி லாரியா வருது? உங்க வீட்டு வெளிச்சத்துக்கு, உங்க வண்டிக்கு நீங்க வச்சிருந்த பேட்டரி. தேஞ்சு போனதும் எங்க தலையில தள்ளிவிட்டீங்க. அதோட புகை கொஞ்சம் திரும்பி வந்ததும் எங்கள வந்து கேக்கிறீங்க."

தோழர்களே, இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அந்தச் சொற்களை எங்கள் மொழியில் அக்காவுக்குச் சொல்ல வேண்டியவன் நான். என் ஊரைக் கூண்டில் ஏற்றுகிற கேள்வியை, என் ஊர்ப் பெண்மணியிடம், என் வாயாலேயே கேட்கவேண்டும். கொஞ்சம் மழுப்பினால் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மண்டபத்தில் எனக்கு என்று ஓர் ஊர் இல்லை. அவருடைய கோபம் எத்தனை சூடோ அத்தனை சூட்டோடு சொன்னேன். "தலையில தள்ளிவிட்டீங்க" என்பதையும் சொன்னேன்.

அக்கா, பின்னால் நின்ற கிளியின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவரும் தலையைக் குனிந்துகொண்டார். வெற்றிபெற வந்தவர் விலகி ஓடியிருக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை வீசியிருக்கலாம். அவர் செய்யவில்லை.

"எனக்கு இது தெரியாது" என்றார். "நிஜமாவே தெரியாது." உலைத் தொழிலாளியின் பக்கம் திரும்பினார். "நீங்க இத எங்க ஊருக்கு வந்து சொல்லணும். நான் போய்ச் சொன்னா நம்பமாட்டாங்க."

"உங்க ஊர்ல என்னப் பேச விடுவாங்களா?"

"தெரியல. ஆனா நான் உங்களுக்கு நாற்காலி போட்டு வைப்பேன்."

விட்டார்களா? எங்கள் நகராட்சியிடம் மண்டபம் கேட்டோம். வெளிநாட்டவர் பேசுவதற்கு மண்டபம் தர விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அக்கரையாரை ஏளனம் செய்துகொண்டிருந்த எங்கள் ஊரும் அதே பூட்டைத்தான் வாசலில் தொங்கவிட்டிருந்தது. என்ன செய்வது? எங்கள் பேருந்துப் பணிமனை மேலாளர் நல்ல மனிதர். "வண்டி எல்லாம் ஓட்டத்துக்குப் போயிருக்கும் நேரத்துல கொட்டகை சும்மாதான் கெடக்கு. பழைய டயருக்கு விதி எதுவும் இல்ல, உக்காந்துக்கோங்க" என்றார். உட்கார்ந்தோம். டயர்கள் மேல், படிக்கட்டுகள் மேல், கிரீஸ் படிந்த தரையில் செய்தித்தாள் விரித்து. அக்கா காப்பகத்திலிருந்து ஒரே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில் போட்டார். உலைத் தொழிலாளி அக்கரையிலிருந்து என் வண்டியில்தான் வந்தார். கூடவே அவர் தெருவே வந்தது.

பேட்டரியைப் பற்றிச் சொன்னார். எங்கள் ஊர்க் கடைகள் அமிலத்தை வடிக்காமல், உடைந்ததையும் கசிவதையும் அப்படியே லாரியில் ஏற்றுவதைச் சொன்னார். "உலையில முகமூடி கிடையாது. வேலை முடிஞ்சா குளிக்க இடம் கிடையாது. அந்தத் தூசியோடதான் வீட்டுக்குப் போறேன். என் சின்னவளத் தூக்கவே பயமா இருக்கு" என்றார். வேலையை மூடச் சொல்லவில்லை அவர். வேலை தன்னை மூடிவிடக் கூடாது என்றுதான் கேட்டார். அவருடைய இரத்தத்தையும் ஒரு முறை எடுத்துப் பார்த்தார்களாம். எங்கள் பிள்ளைகளைவிடப் பல மடங்கு ஈயம்.

எங்கள் ஊர்ப் பேட்டரிக் கடைக்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார். "நம்ம ஊர் விஷயத்துல வெளியாளுக்கு என்ன வேலை? போகச் சொல்லுங்க அவர."

சிலர் தலையாட்டினார்கள். ஆமாம், தலையாட்டினார்கள், மறைக்க மாட்டேன். அப்போது எழுந்தார் கிளியின் அம்மா. கூட்டங்களில் வாயே திறக்காதவர். தைக்கிறபோது ஊசியை உதட்டில் கவ்விப் பழகியதால் குரலும் அப்படித்தான், உதட்டைத் தாண்டாது. அன்று தாண்டியது.

"அவர் வெளியாளா? எம்பொண்ணு ரத்தத்துல என்ன இருக்கோ அதுதான் அவர் ரத்தத்துலயும் இருக்கு. ஒரே ரத்தம்னு நாம சொந்தக்காரங்களத்தான் சொல்லுவோம். இவர நான் என்னன்னு சொல்லட்டும்?"

கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

பிறகு அக்கரையில் வந்த ஆணையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடிக்க விரும்புவது ஆணையில் அல்ல. முதல் புகைபோக்கிக்கு வடிகட்டி பொருத்தும்வரை இரண்டாவது உலைக்கு அனுமதி இல்லை. தொழிலாளிக்கு முகமூடியும் குளிக்குமிடமும் கட்டாயம். அடுத்த கூட்டத்தின் அறிவிப்பில், 'குடிமக்கள்' என்று இருந்த இடத்தில் 'பாதிக்கப்படுவோர்' என்று எழுதியிருந்தார் கண்ணாடி துடைக்கும் அந்த அதிகாரி. ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குள் ஓர் ஆறும் இரண்டு கரையும் அடங்கிவிட்டன. எங்கள் கடைகளும் இப்போது அமிலத்தை வடித்துத்தான் அனுப்புகின்றன. எல்லாம் நலமா? இல்லை. வடிகட்டி பாதிதான் பொருத்தியிருக்கிறார்கள். தூரத்து முதலாளி இன்னும் முகம் காட்டவில்லை. எங்கள் நகராட்சி மண்டபம் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. உலைத் தொழிலாளியின் மூத்த மகன் வேலைக்காகக் காத்திருக்கிறான். கிளிக்குச் சிகிச்சை நடக்கிறது. பேசுகிறாள், மெல்லப் பேசுகிறாள். சில சொற்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

பிறகு எதைக் கண்டு நான் வியக்கிறேன்? கேளுங்கள்.

அன்று பணிமனையில் தையல்காரம்மா உட்கார்ந்ததும், கூட்டம் கலைந்து பேசத் தொடங்கியது. நான் நடுவில் மைக்கோடு ஆயத்தமாக நின்றேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ திரும்பலாம் என்று. அக்கரைத் தெருப் பெண்களில் ஒருத்தி, எங்கள் மொழியில் தெரிந்த நாலைந்து சொல்லைக் கோத்து, "பிள்ளை... சோறு... சாப்பிடுதா?" என்று கிளியின் அம்மாவைக் கேட்டாள். அவர் அந்த மொழியில் தெரிந்த சொல்லைத் தேடிப்பிடித்துப் பதில் சொன்னார். உலைத் தொழிலாளி எங்கள் பேட்டரிக் கடைக்காரரின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, அமிலத்தை எப்படி வடிப்பது என்று கையாலேயே காட்டினார். அவர் முறைத்துக்கொண்டே பார்த்தார், ஆனால் பார்த்தார். அக்கா நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கொட்டகை முழுக்க உடைந்த மொழிகள், தப்பும் தவறுமான இலக்கணங்கள், விரல்கள், தலையசைப்புகள். எங்கள் நாட்டின் குரலும் அல்ல அது. அவர்கள் நாட்டின் குரலும் அல்ல. அதற்குக் கொடி இல்லை, கோட்டை இல்லை, வாக்காளர் பட்டியல் இல்லை. ஆனால் அது ஒரு குரல். ஒரே குரல். ஆற்றுக்கு இரு கரையும் சேர்ந்து பேசிய குரல்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒருவரும் என்னிடம், "அவர் என்ன சொல்றாரு?" என்று கேட்கவில்லை. எத்தனையோ மேடை கண்டவன், மைக்கை நானே அணைத்தேன். அணைத்ததைக்கூட எவரும் கவனிக்கவில்லை.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், நேரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்த தலைவருக்கும், நின்றே கேட்ட நெஞ்சங்களுக்கும் என் நன்றி. இங்கிருப்போருக்கும், இன்று நாம் பேசியதன் காற்று எவர் மேலெல்லாம் படுமோ, அங்கிருப்போர் அனைவருக்கும், என் வணக்கம்.